இல்லாத பூச்சிக்கு இரண்டு றெக்கை

நாற்பத்தெட்டு வயதில், பி.காம். முடித்த நான், இல்லாத ஒரு பூச்சியைப் பார்த்ததாகப் பத்துப் பேர் முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன். பார்த்தேன் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கு ரெண்டு றெக்கை இருந்தது, அதில் ஒன்று லேசாகக் கிழிந்திருந்தது என்று வேறு சொல்லித் தொலைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று விடலாம் போலிருக்கிறது.

அந்தப் பூச்சியை எனக்கு அறிமுகம் செய்துவைத்தவர் எட்டு எம்.எம். அண்ணன். போடிநாயக்கனூரில் அவருக்கு இணையான கண்ணும் கிடையாது, இணையான கோபமும் கிடையாது. ஏலக்காயைச் சல்லடையில் போட்டு அளவு பிரிப்பதுதான் ஊர் வழக்கம். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருத்த காய்க்குத் தனி மரியாதை. அண்ணனுக்குச் சல்லடை தேவையில்லை. ஒரு கை அள்ளி வெள்ளைத் துணியில் உதறுவார். "எட்டு எம்.எம். பாதி, ஏழு கால்வாசி, மிச்சம் குப்பை" என்பார். சல்லடையில் போட்டுப் பார்த்தால் அப்படியே இருக்கும். இல்லாவிட்டால் சல்லடைக்குத் திட்டு விழும். "ஓட்டை தேஞ்சுபோச்சுடா, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு!" அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. அதை அவர் வியாதியாக எடுத்துக்கொள்ளவில்லை, யாரோ கிளப்பிவிட்ட அவதூறாக எடுத்துக்கொண்டார். "சீனி கம்மியாப் போடவாண்ணே?" என்று பாசமாகக் கேட்ட டீக்கடைக்காரரிடம், "ஏன், ஒன் கடைக்குச் சீனி வரலையா?" என்று சண்டைக்குப் போய், அன்றிலிருந்து ரெண்டு கரண்டி கூடப் போடச் சொன்னவர் அவர். ரத்தப் பரிசோதனையில் எண் எகிறி வந்தால் அதற்கும் பதில் வைத்திருப்பார். "நேத்து தேவாரம் ஊருல ஒரு கல்யாண வீட்டுல சாப்பிட்டேன். இது என் சக்கர இல்லடா. அவங்க வீட்டுச் சக்கர."

அவர் காய் பார்த்த அதே ஏலக்காய் ஸ்டோரில் நான் இரண்டு வேலை செய்தேன். ஒன்று, வரும் மூட்டைகளுக்குக் கம்ப்யூட்டரில் எண் போடுவது. இன்னொன்று, அண்ணன் எதைச் சொன்னாலும் "ஆமாண்ணே" சொல்வது. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது, ஆனால் உழைப்பு ஜாஸ்தி. எனக்கும் ஒன்பது வருடமாகச் சர்க்கரை உண்டு. அதைப் பற்றி இப்போது எதுவும் கேட்காதீர்கள்.

ஒரு நாள் மாதவன் சேட்டனின் காய் வந்து இறங்கியது. மேலே கேரள மலையில் சூரியநெல்லிப் பக்கம் எஸ்டேட் வைத்திருப்பவர். இருபது வருடமாக எங்களுக்குத்தான் காய் தருகிறார். நல்ல பச்சை, நல்ல பருமன், மூட்டையைப் பிரித்ததும் தெருமுனை வரைக்கும் வாசம். அண்ணன் ஒரு கை அள்ளித் துணியில் உதறினார். குனிந்தார். அவர் முகம் சிவந்தது.

"பூச்சி!"

ஸ்டோரே நின்றுபோனது. காய் பொறுக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மா எழுந்து வந்து துணியைப் பார்த்தார். அவர் அந்த வேலையில் முப்பது வருட அனுபவசாலி.

"எங்கண்ணே?"

"அந்தா ஓடுதுல்ல! கருப்பா, நூலு மாதிரி. நான் இடது பக்கம் பாத்தா அதுவும் இடது பக்கம் போகுது. உத்துப் பாத்தா நழுவுது. நான் நின்னா நிக்குது."

"அண்ணே, நீங்க பாக்குற பக்கமெல்லாம் போகுதுன்னா, அது துணியில இல்லண்ணே. ஒங்க கண்ணுலதான் என்னமோ இருக்கு."

இப்படி ஒரு பேச்சை அண்ணன் வாழ்நாளில் கேட்டதில்லை. ஏலக்காயில் குறை இருக்கலாம், சல்லடையில் இருக்கலாம், அரசாங்கத்தில் கண்டிப்பாக இருக்கும். அவர் கண்ணில் குறையா? மீசை துடித்தது. சுற்றி நின்ற பத்துப் பேரில் ஒருவர்கூட அவர் பக்கம் பேசவில்லை. அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"நானும் பாத்தேண்ணே. சத்தியமா. ரெண்டு றெக்க. ஒண்ணு லேசாக் கிழிஞ்சிருக்கு."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நன்றி. பேச்சியம்மா பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம்.

சேட்டனின் மூட்டைகள் வந்த ஜீப்பிலேயே திரும்ப ஏறின. அடுத்த நாள் அவர் போனில் கேட்டார். "எண்டெ காயில பூச்சியா? இருபது வருஷமாயிட்டு பழகுற ஆளு, இது சரியாணோ?" அண்ணன் விடவில்லை. "என் கண்ணு பொய் சொல்லாது. சாட்சியும் இருக்கு" என்றார். அந்தச் சாட்சி பக்கத்தில் உட்கார்ந்து டீயில் வர்க்கியை நனைத்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு மூன்று மாதம் பூச்சி ராஜ்யம். அண்ணன் ஸ்டோருக்கு மருந்து அடிக்கச் சொன்னார். ட்யூப்லைட்டை மாற்றச் சொன்னார். முதலாளியின் வெள்ளைச் சட்டையில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வானத்தைப் பார்த்தால்கூடப் பறக்கிறதாம். "என்ன முனிசிபாலிட்டிடா இது, வானத்துல பூராம் கொசு!" என்று மனு எழுதச் சொன்னார். எழுதியவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். கீழே கையெழுத்தும் போட்டேன்.

பிறகு ஒரு காலையில், துணி முன்னால் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்து கத்தினார். "எவன்டா உள்ள எரிக்கிறது? ஒரே பொகையா வருது!"

யாரும் எதையும் எரிக்கவில்லை.

"வலது பக்கம் பூராம் கருப்பு மழை பெய்யுதுடா... இப்ப செவப்பா ஒரு தெர எறங்குது..." குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அந்த மனிதர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பேச்சியம்மா என் சட்டைக் காலரைப் பிடித்தார். "வெரசா மதுரைக்குக் கூட்டிட்டுப் போ. இப்பவே. றெக்கைய நீதான பாத்த?"

ரயிலுக்கு நேரம் இருந்ததால் டீக்கடையில் உட்கார்ந்தோம். அதுதான் நான் செய்த அடுத்த தப்பு. போடியில் கண் டாக்டர்கள் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டீக்கடை பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் கண் டாக்டர்கள்தான். ஒருவர் மலைத்தேன் ரெண்டு சொட்டு விடச் சொன்னார். ஒருவர் நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழியச் சொன்னார். பொட்டிபுரத்தில் ஒருவர் நாக்காலேயே தூசி எடுப்பார், உடனே ஒரு ஜீப்பைப் பிடி என்றார் இன்னொருவர். சைக்கிளில் செயின் கழன்றால் மெக்கானிக்கைத் தேடும் ஊர், கண்ணுக்குள் ரத்தம் வந்தால் மட்டும் எப்படி ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறது? எனக்கு வந்த கோபத்தில் கிளாஸை ஓங்கி வைத்தேன். டீ என் வேட்டியிலேயே கொட்டியது. அந்தக் கறையோடுதான் மதுரை போனேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். வலது கண்ணில் பலகையே தெரியவில்லை. இடது கண்ணால் பார்த்துவிட்டு அண்ணன் கேட்டார். "கடைசி வரிய எவன் எழுதுனது? கையெழுத்தே சரியில்ல."

டாக்டர் சின்ன வயசுப் பெண். அண்ணன் அவரிடமும் ஆரம்பித்தார். "ஏத்தா, பள்ளிக்கூடம் முடிச்சிட்டியா?"

"முடிச்சுட்டேன்ப்பா. தாடைய இதுல வைங்க." மருந்து ஊற்றி, கண்ணை விரிய வைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்தார். முகம் மாறியது. "சர்க்கரையால உள்ள புதுசா மெல்லிசான ரத்தக்குழாய் வளந்து, அது கசிஞ்சிருக்கு. விழித்திரையையும் இழுத்துட்டு இருக்கு. பூச்சி மாதிரி எப்ப இருந்து பறக்குது?"

"மூணு மாசமா. ஆனா அது நெசப் பூச்சிதான் ஆத்தா. இவனும் பாத்தான்."

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்களும் பாத்தீங்களா? உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"கொஞ்சம்."

"அப்ப நீங்களும் உக்காருங்க. மருந்து ஊத்திப் பாத்துடலாம்."

"எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சும்மா" என்றேன். ட்ரெயின் சாயங்காலம்தான். அது டாக்டருக்கும் தெரிந்திருக்கும்.

அவர் அண்ணனிடம் நிதானமாகச் சொன்னார். இப்படி நூலும் புள்ளியும் மிதப்பது பலருக்கும் கொஞ்சம் இருக்கும். ஆனால் திடீரென்று கூடினால் அன்றைக்கே வர வேண்டும். சர்க்கரை இருப்பவர்கள், பார்வை பளிச்சென்று இருந்தாலும், வருடத்துக்கு ஒரு தடவை காட்டியே ஆக வேண்டும். "அன்னைக்கே வந்திருந்தா லேசரோட முடிஞ்சிருக்கலாம். இப்ப ஆபரேஷன் பண்ணணும்."

நான் வேட்டியில் இருந்த டீக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். வலது கண்ணில் ஆபரேஷன் செய்து, ரத்தத்தை எடுத்துவிட்டு, விழித்திரை ஒட்டி நிற்க உள்ளே ஒரு வாயுக் குமிழை வைத்தார்கள். கையில் ஒரு எச்சரிக்கைப் பட்டையைக் கட்டி இரண்டு உத்தரவு போட்டார்கள். முதலாவது, ஒரு வாரம் குப்புறப் படுக்க வேண்டும், தலையை நிமிர்த்தக் கூடாது. இரண்டாவது, குமிழ் கரைகிற வரைக்கும் ப்ளேனில் போகக் கூடாது, மலை ஏறக் கூடாது. மேலே போகப் போக அந்த வாயு விரியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி மொத்தப் பார்வையும் போய்விடலாம் என்றார் டாக்டர்.

யாருக்கும் தலை குனியாத மனிதர் ஒரு வாரம் குனிந்தே கிடந்தார். கட்டில் விளிம்பில் முகத்தைத் தொங்கவிட்டு, கீழே வைத்த டம்ளரில் இருந்து ஸ்ட்ரா போட்டுக் காப்பி குடித்தார். கோபம் மட்டும் குனியவில்லை. பார்ப்பதற்குத் தரை மட்டும்தான் என்பதால் தரையோடு சண்டை. "ஏய், இந்தக் கட்டிலுக்கு அடியில வெளக்கமாறு போயி எத்தன வருசமாச்சு?" என்று தன் வீட்டம்மாவை, அதாவது எங்கள் மதினியை, கேட்டார். மதினி அசரவில்லை. "குனிஞ்சு பாக்க இப்பத்தான ஒங்களுக்கு நேரம் கெடச்சிருக்கு" என்றார்.

நான் தினமும் போய்த் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவருக்கு ஊர்க்கதை சொல்வேன். அப்போதுதான் முகத்துக்கு முகம் பேச முடியும். "கண்ணுக்குள்ள கொத்தனாரு ரசமட்டம் மாதிரி ஒரு கோடு ஆடுதுடா" என்பார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "சேட்டன் காய் அன்னைக்கு நல்ல காய்தான், இல்லடா?" என்பார்.

"ஆமாண்ணே" என்பேன்.

மூன்றாவது வாரம் ஒரு விடிகாலையில் போன் வந்தது. "கெளம்பி வாடா. சேட்டன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"போன்ல சொல்லலாமேண்ணே?"

"மன்னிப்ப எவனாவது போன்ல கேப்பானாடா? மூஞ்சியப் பாத்துக் கேக்கணும். மதினிக்குத் தெரியாம வந்துட்டேன். வர்றியா இல்லையா?"

"வர்றேண்ணே."

பாருங்கள், இதுதான் என் லட்சணம். டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்றவன் நான். சட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்றதும் நான்.

எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப். தூக்குவாளியோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள், நடுவில் முழுக்கைச் சட்டையும் கருப்புக் கண்ணாடியுமாக அண்ணன். பட்டை தெரியக் கூடாது என்று கைப்பொத்தானைப் போட்டிருந்தார். ஜீப் முந்தல் செக்போஸ்ட்டில் நின்றது. அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள்தான். எதிரே பெட்டிக்கடையில் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலை மேலே போடிமெட்டு போவதற்குள் பலூன் மாதிரி உப்பிவிடும்.

"அண்ணே, எறங்குங்க."

"எதுக்கு?"

"நீங்க மேல போகக் கூடாது."

ஏழு வருடப் பழக்கத்தில் நான் சொன்ன முதல் மறுப்பு அது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "என்னடா சொன்ன?"

"அந்தா தொங்குதுல்ல சிப்ஸ் பாக்கெட்டு, அது மெட்டுல என்ன ஆகும்?"

"உப்பும்."

"அதே பாக்கெட்டு இப்ப ஒங்க கண்ணுக்குள்ள இருக்குண்ணே."

ஜீப்பில் ஒரு அக்கா "ஆத்தாடி!" என்று நெஞ்சில் கை வைத்தார். டிரைவர் இஞ்சினை அணைத்தார். அண்ணன் மட்டும் அசையவில்லை. "என் கண்ணு, எனக்குத் தெரியும். நீ ஒன் சோலியப் பாரு. பூச்சிய என்கூடச் சேந்து பாத்தவன் நீ ஒருத்தன்தான், நீயுமா எனக்கு எதுத்துப் பேசுற?"

"நான் பாக்கலண்ணே."

"என்ன?"

"பூச்சிய நான் பாக்கவே இல்ல. றெக்கையும் பாக்கல. பொய் சொன்னேன். பேச்சியம்மா சொன்னதுதான் சரி. நான் வாய மூடிட்டு இருந்திருந்தா நீங்க அன்னைக்கே டாக்டர்கிட்டப் போயிருப்பீங்க."

பன்னிரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"பெறகு எதுக்குடா சொன்ன?"

"நீங்க தனியா நின்ன மாதிரி இருந்துச்சுண்ணே."

அவர் என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. மெல்ல இறங்கி, திரும்பிப் பார்க்காமல் ரோட்டோரமாகப் போடியை நோக்கி நடந்தார். நான் பத்தடி தள்ளிப் பின்னாலேயே நடந்தேன். டவுன் பஸ் வந்தது. முன்வாசலில் அவர் ஏறினார், பின்வாசலில் நான்.

அதோடு பேச்சு நின்றது. நான் வீட்டுக்குப் போனால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார். விஷயம் அந்த ஜீப்பிலேயே மலையேறி, இரண்டு நாளில் மாதவன் சேட்டனே ஒரு கிலோ காயோடு கீழே இறங்கி வந்தார். அண்ணன் எழுந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டார். சேட்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அதொண்ணும் சாரமில்ல, விட்டுத்தள்ளு, கண்ணு பத்திரம்" என்றார். எனக்கு இதைச் சொன்னது மதினி. என்னை யாரும் கூப்பிடவில்லை.

குமிழ் கரைந்தது. வலது கண்ணில் முகம் தெரிகிறது, பஸ் போர்டு தெரிகிறது, பழைய கூர்மை இல்லை. அண்ணன் ஸ்டோருக்குத் திரும்பி வந்த முதல் நாள், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு கை அள்ளித் துணியில் உதறினார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு பேச்சியம்மாவிடம், "அந்தச் சல்லடையக் கொண்டா ஆத்தா" என்றார். பேச்சியம்மா அதை முந்தானையால் துடைத்துக் கொடுத்தார். டீ இப்போது சீனி இல்லாமல்தான். அதற்கும் டீக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டேதான் குடிக்கிறார்.

என்னிடம் பேச ஆரம்பித்தது போன மாதம்தான். நேராக என் மேஜைக்கு வந்தார். "ஒனக்கு ஒம்பது வருசமாச் சக்கர இருக்குல்ல? கண்ண எப்பக் காட்டுன?"

"எனக்கு நல்லாத்தான தெரியுதுண்ணே..."

"ஆமா, றெக்கயெல்லாம் தெரியும். எந்திரி."

மதுரை வரைக்கும் ரயிலில் என் கையை விடவில்லை, ஓடிவிடுவேன் என்று பயம். அதே டாக்டர். "வாங்க, ட்ரெயினுக்கு நேரமாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு மருந்தை ஊற்றினார். பார்த்துவிட்டு, உள்ளே சின்னச் சின்னப் புள்ளிகள் ஆரம்பித்திருக்கின்றன, இப்போதைக்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் போதும், ஆறு மாதத்தில் கண்டிப்பாக வர வேண்டும் என்றார். ஒன்பது வருடமாக வாயை மட்டும் திறந்து வைத்திருந்தவனுக்கு இது மலிவான தண்டனைதான்.

வெளியே வந்தால் வெயில் வெள்ளையாக வழிகிறது. மருந்து ஊற்றிய கண்ணுக்கு எதிரே வருவது லாரியா கோயில் யானையா என்று தெரியவில்லை. ஒரு கண்ணில் பாதிப் பார்வை உள்ள மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்து, வருகிற வண்டிகளையெல்லாம் திட்டிக்கொண்டே ரோட்டைக் கடக்க வைத்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, "ரெண்டு டீ, சீனி இல்லாம" என்றார். அப்புறமும் கையை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு உள்ளங்கையை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"சேட்டன் குடுத்த காய். எத்தன எம்.எம்.? பாத்துச் சொல்லு."

எனக்குக் கையே மங்கலாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் பழக்கம் விடுமா?

"எட்டுண்ணே. நல்ல பச்ச."

"கையில ஒண்ணுமே இல்லடா, கூமுட்ட."